கட்டுப்பட்டது எப்படி? சர்வதேசச் சட்டம் படிக்கத் தொடங்குபவர்களுக்கு

"போலீஸ் கிடையாது, நாடாளுமன்றம் கிடையாது. அப்புறம் இது என்ன சட்டம்?" பொதுச் சர்வதேசச் சட்டத்தின் முதல் வகுப்பில் யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுவார். கேள்வி நியாயமானதுதான். ஆனால் முதல் வாரத்திலேயே அதைக் கையில் எடுத்தால் வகுப்பு இரண்டு கட்சியாகப் பிரிந்து பேசிக் களைக்கும். இரு தரப்பிடமும் சான்றாகக் காட்ட ஒரு வழக்குகூட இருக்காது. அதை ஒரு பருவம் தள்ளிவையுங்கள். நோட்டின் முதல் பக்கத்தில் வேறு கேள்வியை எழுதிக்கொள்ளுங்கள்: இந்த நாடு, இந்த விதிக்கு, இந்தத் தேதியில், எப்படிக் கட்டுப்பட்டது?

உள்நாட்டுச் சட்டத்தில் இப்படிக் கேட்கத் தேவையே வராது. திருடியவன் தண்டனைச் சட்டத்துக்குச் சம்மதித்தானா என்று எந்த நீதிபதியும் விசாரிப்பதில்லை. சர்வதேசச் சட்டத்தில் ஒவ்வொரு முறையும் விசாரித்தாக வேண்டும். தேர்வுத்தாளில் மாணவர்கள் இழக்கும் மதிப்பெண்களில் பெரும்பகுதி விதி தெரியாததால் போவதில்லை. விதி இருக்கிறது என்று காட்டிவிட்டு, அது இந்த நாட்டைக் கட்டுப்படுத்துகிறது என்று காட்டாமல் விடுவதால் போகிறது.

தொடங்க நான்கு ஆவணங்கள் போதும். ஐ.நா. சாசனம், 111 உறுப்புகள். சர்வதேச நீதிமன்றத்தின் சட்டவிதி, 70. உடன்படிக்கைச் சட்டம் பற்றிய 1969-ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை, 85. ஐ.நா.வின் சர்வதேசச் சட்ட ஆணையம் 2001-ல் முடித்த நாடுகளின் பொறுப்பு பற்றிய உறுப்புகள், 59. எல்லாமே இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அச்செடுத்து, பக்க ஓரத்தில் எழுத இடம் விட்டுப் படியுங்கள். பாடநூல் இவற்றுக்குத் துணை. இவற்றுக்கு மாற்று அல்ல.

சட்டவிதியின் 38-ஆம் உறுப்பை எல்லோரும் மனப்பாடம் செய்வார்கள்: உடன்படிக்கைகள், வழக்காறு (சட்டமென்று கருதி நாடுகள் பின்பற்றும் நடைமுறை), பொதுக் கோட்பாடுகள், பிறகு துணைக் கருவிகளாகத் தீர்ப்புகளும் அறிஞர் நூல்களும். முதல் தவறு இங்கேயே நடக்கிறது. அந்த வரிசையைத் தரவரிசை என்று எடுத்துக்கொண்டு "உடன்படிக்கை எப்போதும் வழக்காற்றை வெல்லும்" என்று எழுதுகிறார்கள். உறுப்பு அப்படிச் சொல்லவில்லை. முதல் மூன்றும் சம உயரத்தில் நிற்பவை. ஒரு விஷயத்தில் குறிப்பான விதி இருந்தால் அது பொதுவானதைப் பின்தள்ளும், அவ்வளவுதான். உண்மையான மேல்தட்டு வேறு இடத்தில் இருக்கிறது. எந்த உடன்படிக்கையாலும் மீற முடியாத ஜஸ் கோஜென்ஸ் நெறிகள் வியன்னா உடன்படிக்கையின் 53-ஆம் உறுப்பில் இருக்கின்றன. உறுப்பு நாடுகளின் மற்ற உடன்படிக்கைக் கடமைகளைவிடச் சாசனக் கடமைக்கே முன்னுரிமை என்பது சாசனத்தின் 103-ஆம் உறுப்பில் இருக்கிறது.

38-ல் இல்லாதவையும் உண்டு. பாதுகாப்பு மன்றத்தின் முடிவுகள் உறுப்பு நாடுகளைக் கட்டுப்படுத்துவது சாசனத்தின் 25-ஆம் உறுப்பால். ஒரு நாடு தன்னிச்சையாகப் பகிரங்கமாகச் சொன்ன வாக்கும் அதைக் கட்டுப்படுத்தலாம்: வளிமண்டல அணுசோதனைகளை நிறுத்துவதாக பிரான்ஸ் சொன்னதை 1974-ல் நீதிமன்றம் அப்படித்தான் எடுத்துக்கொண்டது. பொதுச்சபைத் தீர்மானம் பொதுவாக அப்படிக் கட்டுப்படுத்தாது. 1948-ன் உலகளாவிய மனித உரிமைப் பிரகடனம் பொதுச்சபைத் தீர்மானம்தான். "பிரகடனத்தின் இன்ன உறுப்பை மீறிவிட்டது" என்று மட்டும் எழுதி நிறுத்தினால் பாதிப் பதில். அதே உரிமை 1966-ன் குடிமை, அரசியல் உரிமைகள் உடன்படிக்கையில் இருக்கிறதா, அந்த நாடு அதில் சேர்ந்திருக்கிறதா, இல்லையென்றால் அந்த உரிமை வழக்காறாகிவிட்டதா என்று தொடர வேண்டும்.

உடன்படிக்கையா? தேதிகளைப் பாருங்கள்

ஒரு உடன்படிக்கையைக் கண்டதும் அதன் உள்ளடக்கத்துக்குப் பாய வேண்டாம். முதலில் ஐ.நா.வின் உடன்படிக்கைத் தொகுப்பு இணையதளத்தில் அதன் நிலைப்பக்கத்தைத் திறந்து ஐந்து விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: எப்போது நடைமுறைக்கு வந்தது, அந்த நாடு எப்போது கையெழுத்திட்டது, எப்போது ஏற்புறுதி (கையெழுத்துக்குப் பின் தரும் இறுதிச் சம்மதம்) அளித்தது அல்லது பின்னர் சேர்ந்தது, என்ன ரிசர்வேஷன் (சில விதிகள் தனக்குப் பொருந்தாது என்ற அறிவிப்பு) போட்டது, அதை மற்ற நாடுகள் ஆட்சேபித்தனவா.

கையெழுத்தும் ஏற்புறுதியும் ஒன்றல்ல. ஏற்புறுதி தேவைப்படும் உடன்படிக்கையில் வெறும் கையெழுத்து போட்ட நாட்டுக்கு இருப்பது, உடன்படிக்கையின் நோக்கத்தையே குலைக்கும் செயலில் இறங்கக்கூடாது என்ற 18-ஆம் உறுப்பின் சிறிய கடமை மட்டுமே. 1969-ன் வட கடல் கண்டத்திட்டு (கரையை ஒட்டிய கடலடி நிலம்) வழக்குகள் முளைத்ததே இந்த இடைவெளியில்தான். கண்டத்திட்டு பற்றிய 1958 ஜெனீவா உடன்படிக்கையில் மேற்கு ஜெர்மனி கையெழுத்திட்டிருந்தது, ஏற்புறுதி அளிக்கவில்லை. அதனால் டென்மார்க்கும் நெதர்லாந்தும் அந்த உடன்படிக்கையின் சமதூர விதியை (எல்லைக்கோடு இரு கரைகளிலிருந்தும் சமதூரத்தில் என்பது) நேரடியாகக் காட்ட முடியாமல், அது வழக்காறாகிவிட்டது என்று வாதாட வேண்டிவந்தது. தோற்றார்கள்.

வியன்னா உடன்படிக்கைக்கும் இதே சோதனை உண்டு. அது நடைமுறைக்கு வந்தது 1980-ல். அதில் சேராத நாடுகள் சிறியவை மட்டும் அல்ல: இந்தியாவும் பிரான்சும் சேரவில்லை, அமெரிக்கா கையெழுத்தோடு நின்றுவிட்டது. ஆகவே "31-ஆம் உறுப்பின்படி" என்று எழுதுமுன் ஒரு வாக்கியம் வேண்டும்: இரு நாடுகளும் உறுப்பினர்கள், அல்லது அந்த உறுப்பு வழக்காற்றைப் பிரதிபலிக்கிறது. போட்ஸ்வானாவும் நமீபியாவும் வியன்னா உடன்படிக்கையில் இல்லாதபோதும், கசிகிலி/செடுடு தீவு வழக்கில் (1999) நீதிமன்றம் 31-ஆம் உறுப்பை வழக்காறாகவே பயன்படுத்தியது. அந்த ஒரு வாக்கியத்தை எழுத அரை நிமிடம்கூட ஆகாது. எழுதுபவர்கள் குறைவு.

பொருள்விளக்கத்தில் இன்னொரு பழக்கதோஷம் தலைகாட்டும். உள்நாட்டுச் சட்ட வகுப்பில் படித்த சொற்பொருள் விதி, பொன்விதி, கேடுநீக்கு விதி என்ற மூன்றையும் இங்கே கொண்டுவந்து கொட்டுவார்கள். 31-ஆம் உறுப்பு ஒரே விதி: நல்லெண்ணத்தோடு, சொல்லின் இயல்பான பொருளை, அதன் சூழலில், உடன்படிக்கையின் நோக்கத்தின் வெளிச்சத்தில் பார்ப்பது. இவற்றைப் படிப்படியாக ஏறும் ஏணியாகப் பிரிக்கக்கூடாது. பேச்சுவார்த்தைக் கால ஆவணங்கள் 32-ல் வருகின்றன. கிடைத்த பொருளை உறுதிப்படுத்தவும், 31-ன்படி பொருள் தெளிவில்லாமலோ அபத்தமாகவோ முடிந்தால் தீர்மானிக்கவும்.

வழக்காறு என்ற சதுப்புநிலம்

மாணவர்கள் அதிகம் வழுக்குவது இங்கே. சூத்திரம் எளிது: நாடுகளின் நடைமுறை, அதோடு அது சட்டக் கடமை என்ற உணர்வு, அதாவது ஒபினியோ ஜூரிஸ். சூத்திரத்தை எழுதிவிட்டு "எனவே இது வழக்காறு" என்று முடித்துவிடுகிறார்கள். நடுவில் சான்றே இருக்காது.

சான்று எப்படி இருக்கும் என்று பார்க்க 1900-ல் அமெரிக்க உச்சநீதிமன்றம் தீர்த்த பாகெட் ஹபானா வழக்கைப் படியுங்கள். ஸ்பெயினுடனான போரில் கியூபா அருகே பிடிபட்ட இரண்டு மீன்பிடிப் படகுகள். அவற்றைப் போர்க்கொள்ளையாக எடுத்துக்கொள்ளலாமா என்பது கேள்வி. நீதிமன்றம் 1403-ல் இங்கிலாந்து மன்னர் நான்காம் ஹென்றி பிறப்பித்த ஆணையிலிருந்து தொடங்கி, நாடு நாடாக, நூற்றாண்டு நூற்றாண்டாக நடைமுறையை அடுக்கியபின்தான், கடலோர மீன்பிடிப் படகுகளுக்கு விலக்கு உண்டு என்றது. அத்தனை பக்கங்களும் சலிப்பூட்டும். அந்தச் சலிப்புக்குப் பெயர்தான் சான்று.

எதிர்ப்பக்கத்துக்கு 1950-ன் புகலிட வழக்கு. பெருவின் அரசியல் தலைவர் ஹாயா டி லா டொர்ரே லிமாவிலுள்ள கொலம்பியத் தூதரகத்தில் தஞ்சம் புகுந்தார். அவர் செய்தது அரசியல் குற்றமா என்பதைத் தஞ்சம் தந்த நாடே ஒருதலையாகத் தீர்மானிக்கலாம். அது லத்தீன் அமெரிக்காவின் வட்டார வழக்காறு என்றது கொலம்பியா. உதாரணங்களும் நிறையக் காட்டியது. நீதிமன்றம் கண்டதோ முரண்பாடுகள், தடுமாற்றம், அந்தந்த நேரத்து அரசியல் வசதி. மேலும், அப்படியொரு வழக்காறு இருந்தாலும் அது பெருவைக் கட்டுப்படுத்தாது, ஏனெனில் அது தொடர்பான மொண்டேவீடியோ உடன்படிக்கைகளுக்கு ஏற்புறுதி தராமல் பெரு அதை நிராகரித்தே வந்திருக்கிறது என்றது. விடாது எதிர்த்த நாடு என்ற கோட்பாட்டுக்கு இதைச் சுட்டுவது வழக்கம்.

ஆகவே வழக்காறு பற்றிய விடையில் இவற்றுக்குப் பதில் வேண்டும்: எந்த நாடுகள் என்ன செய்தன? அந்த விதியால் தனியாகப் பாதிக்கப்படும் நாடுகள் அவற்றுள் உண்டா? எதிரான நடைமுறை எவ்வளவு? செய்த நாடுகள் ஏன் செய்தன, சட்டம் என்றா, மரியாதை என்றா, வசதி என்றா? வருகைதரும் வேற்று நாட்டுத் தலைவருக்கு விமான நிலையத்தில் வரவேற்பு தருவது எல்லா நாடுகளும் செய்வதுதான். தராவிட்டால் சட்டமீறல் என்று யாரும் வழக்குப் போடுவதில்லை. காலம் குறைவு என்பது தன்னளவில் தடையில்லை என்று வட கடல் தீர்ப்பு சொன்னது, ஆனால் அப்போது நடைமுறை விரிவாகவும் ஏறத்தாழ ஒரே மாதிரியாகவும் இருக்க வேண்டும். எதிரான நடைமுறை இருந்தாலே விதி செத்துவிடும் என்பதும் தவறு. விதியை மீறிய நாடு "எனக்கு விலக்கு பொருந்தும்" என்று சாக்குச் சொன்னால், அந்தச் சாக்கே விதியை ஒப்புக்கொள்கிறது. இது நிகராகுவா அமெரிக்கா மீது தொடுத்த வழக்கின் 1986 தீர்ப்பில் 186-ஆம் பத்தி. அடிக்கோடிட வேண்டிய பத்தி.

ஒரே சான்றை இரண்டு முறை எண்ணும் தவறும் சாதாரணமாக நடக்கும். பொதுச்சபைத் தீர்மானத்தில் நாடுகள் வாக்களித்ததை நடைமுறைக்கும் காட்டி, அதே வாக்கை ஒபினியோ ஜூரிஸுக்கும் காட்டுவது. சர்வதேசச் சட்ட ஆணையம் 2018-ல் வெளியிட்ட வழக்காற்றைக் கண்டறிதல் பற்றிய 16 முடிவுரைகள், இரண்டு கூறுகளையும் தனித்தனியே நிறுவச் சொல்கின்றன. வழக்காறு அத்தியாயத்துக்கு வேறு எதைப் படிக்காவிட்டாலும் அந்தப் பதினாறையும் விளக்கவுரையோடு படித்துவிடுங்கள்.

லோட்டஸ் வழக்கு பற்றி ஒரு எச்சரிக்கை. 1926-ல் பிரெஞ்சுக் கப்பல் லோட்டஸ் நடுக்கடலில் துருக்கியக் கப்பலோடு மோதியதில் 8 துருக்கியர் இறந்தனர். கப்பல் இஸ்தான்புல் வந்ததும் அதன் காவல்நேர அதிகாரியைத் துருக்கி கைதுசெய்தது. வழக்கில் நீதிபதிகளின் வாக்குகள் ஆறுக்கு ஆறாக நிற்க, நீதிமன்றத் தலைவரின் தீர்மான வாக்கால் துருக்கி வென்றது. "தடை இல்லாததெல்லாம் அனுமதி" என்று இதைச் சுருக்கி, எல்லாப் பிரச்சினைக்கும் போடும் மாத்திரையாக மாணவர்கள் பயன்படுத்துகிறார்கள். வழக்கின் குறிப்பான முடிவே பின்னர் மாற்றப்பட்டுவிட்டது: 1958-ன் பெருங்கடல் உடன்படிக்கையின் 11-ஆம் உறுப்பும், 1982-ன் கடல் சட்ட உடன்படிக்கையின் 97-ஆம் உறுப்பும், மோதலுக்காகக் கப்பலின் கொடி நாடோ அந்த ஆளின் சொந்த நாடோ மட்டுமே குற்ற வழக்குத் தொடரலாம் என்கின்றன.

தீர்ப்பை எங்கிருந்து படிப்பது

முதல் பக்கத்திலிருந்து அல்ல. முதலில் கடைசிக்குப் போங்கள். இறுதி உத்தரவுப் பகுதியில் நீதிமன்றம் எண்ணிட்டு என்ன முடிவு செய்தது, ஒவ்வொன்றுக்கும் எத்தனை பேர் ஆதரவு, எத்தனை பேர் எதிர்ப்பு என்று இருக்கும். பிறகு முன்பகுதிக்கு வந்து, இரு தரப்பும் கடைசியாகக் கேட்டது என்ன என்று பாருங்கள். கேட்டதற்கும் கொடுத்ததற்கும் உள்ள இடைவெளியே நீங்கள் நடுப்பகுதியில் தேட வேண்டியது. நடுவில் வரிசை பெரும்பாலும் ஒன்றுதான்: உண்மைகள், அதிகார வரம்பு, ஏற்கத்தக்கதா, பின்பு வழக்கின் சாரம். பத்தி எண்ணோடு குறிப்பெடுங்கள். "கொலம்பியாவின் வாதப்படி" என்று தொடங்கும் பத்தியை நீதிமன்றத்தின் கருத்தாக எழுதிவிடுவதும், மாறுபட்ட நீதிபதியின் வரியைத் தீர்ப்பாக மேற்கோள் காட்டுவதும் வாராவாரம் நடக்கும் விபத்துகள்.

அதிகார வரம்புப் பகுதி வறட்சியாக இருக்கிறது என்று தாண்டிப் போகாதீர்கள். நிகராகுவா தீர்ப்பு ஏன் பலப்பிரயோகத்தைத் தடுக்கும் சாசனத்தின் 2(4)-ஐ விட்டுவிட்டு அத்தனை பக்கம் வழக்காற்றைப் பேசுகிறது? அமெரிக்கா நீதிமன்றத்தின் அதிகாரத்தை ஏற்றபோது, பலதரப்பு உடன்படிக்கைகளின் கீழ் எழும் தகராறுகளுக்கு ஒரு ரிசர்வேஷன் போட்டிருந்தது. சாசனமும் பலதரப்பு உடன்படிக்கைதான். அதனால் நீதிமன்றம் சாசனத்தை நேரடியாகப் பயன்படுத்த முடியாமல், பலப்பிரயோகத் தடை வழக்காற்றிலும் தனியாக உயிரோடு இருக்கிறது என்று நிறுவியது. இது தெரியாதவருக்கு அந்தத் தீர்ப்பு சுற்றி வளைப்பதாகத்தான் தோன்றும்.

இந்த நீதிமன்றத்துக்கு நாடுகளை இழுத்துவர முடியாது, சம்மதம் வேண்டும். சட்டவிதியின் 36(2)-ன் கீழ் முன்கூட்டியே பொதுச் சம்மதம் தந்தவை ஐ.நா.வின் 193 உறுப்பு நாடுகளில் பாதிக்கும் குறைவு, அவற்றிலும் பல நிபந்தனைகளோடு. அதனால் பல வழக்குகள் ஏதோ ஒரு உடன்படிக்கையின் தகராறு விதி என்ற சிறிய கதவு வழியாகவே உள்ளே வருகின்றன. கதவு எவ்வளவு அகலமோ அவ்வளவுதான் வழக்கு. போஸ்னியா செர்பியா மீது தொடுத்த வழக்கு இனப்படுகொலை உடன்படிக்கையின் 9-ஆம் உறுப்பு வழியாக வந்தது. ஆகவே 2007-ல் நீதிமன்றம் இனப்படுகொலை பற்றி மட்டுமே தீர்ப்பளிக்க முடிந்தது, மற்ற போர்க்குற்றங்கள் பற்றி அல்ல. பாகிஸ்தான் மரண தண்டனை விதித்த இந்தியர் பற்றிய 2019-ன் ஜாதவ் வழக்கும் (இந்தியா எதிர் பாகிஸ்தான்) தூதரகத் தொடர்பு உடன்படிக்கையின் விருப்ப நெறிமுறை வழியே வந்ததுதான். இந்தியா விடுதலை கேட்டது; நீதிமன்றம் தந்தது தண்டனையை மறுஆய்வு செய்யும் உத்தரவு.

ஆலோசனைக் கருத்துகளில் (ஐ.நா. அமைப்புகள் கேட்டு நீதிமன்றம் தருபவை, தீர்ப்புகள் அல்ல) கேள்வியின் சொற்களைப் பாருங்கள். கொசோவோ பற்றி 2010-ல் கேட்கப்பட்டது, சுதந்திரப் பிரகடனம் சர்வதேசச் சட்டத்துக்கு ஏற்ப இருக்கிறதா என்பது. மீறவில்லை என்று 10-க்கு 4 என்ற கணக்கில் சொன்னார்கள். கொசோவோ ஒரு நாடா, பிரிந்துபோகும் உரிமை உண்டா என்பதற்குள் அவர்கள் போகவே இல்லை. "கொசோவோ ஒரு நாடு என்று சர்வதேச நீதிமன்றம் தீர்ப்பளித்தது" என்று எழுதினால் ஒரே வாக்கியத்தில் இரண்டு பிழை.

நாடுகளின் பொறுப்பு பற்றிய வினாக்களுக்குத் தெஹ்ரான் தூதரக வழக்கை (1980) அச்சாக வைத்துக்கொள்ளலாம். இரண்டு கட்டங்களாக அது பிரிகிறது. 1979 நவம்பர் 4-ல் மாணவர்கள் அமெரிக்கத் தூதரகத்துக்குள் புகுந்தது ஈரானின் செயலாகக் கொள்ளப்படவில்லை; ஆனால் தூதரகத்தைக் காக்கத் தவறியது ஈரானின் மீறல். பிறகு அரசே அந்த ஆக்கிரமிப்பை அங்கீகரித்துத் தொடரச் செய்தபோது, மாணவர்களின் செயலும் நாட்டின் செயலாயிற்று. விடை எழுதும்போது இதே பிரிப்பைச் செய்யுங்கள்: செய்தவர் யார், அது நாட்டைச் சாருமா, சாராவிட்டாலும் நாட்டுக்குத் தனிக் கடமை இருந்ததா. ஆயுதக் குழுக்கள் வந்தால் நிகராகுவாவின் "திறம்பட்ட கட்டுப்பாடு" (அந்தக் குறிப்பிட்ட செயலையே நாடு இயக்கியிருக்க வேண்டும்) என்ற அளவுகோலையும், யூகோஸ்லாவியத் தீர்ப்பாயம் 1999-ல் டாடிச் வழக்கில் சொன்ன "ஒட்டுமொத்தக் கட்டுப்பாடு" என்ற தளர்ந்த அளவுகோலையும் குழப்பாதீர்கள். நாட்டின் பொறுப்புக்கு முதலாவதே பொருந்தும் என்று சர்வதேச நீதிமன்றம் 2007-ல் மீண்டும் சொல்லிவிட்டது.

பிரச்சினை வினாவுக்கு 45 நிமிடம் என்றால் முதல் 10 நிமிடம் பேனா விடைத்தாளைத் தொடக்கூடாது. தனித்தாளில் ஒரு காலக்கோடு; அதன் கீழ் ஒவ்வொரு நாட்டுக்கும் எந்த உடன்படிக்கை, எந்தத் தேதியிலிருந்து என்ற சிறு கட்டம். வினா அமைப்பவர்கள் பொறியை வைப்பது பெரும்பாலும் தேதிகளில்தான்: சம்பவம் மார்ச்சில், ஏற்புறுதி ஜூனில். அந்த உடன்படிக்கை போய்விட்டால் வழக்காறு கைகொடுக்குமா என்பதுதான் அவர்கள் கேட்க நினைத்த கேள்வி. உள்நாட்டுச் சட்டம் அனுமதிக்கிறது என்று வினாவில் ஒரு நாடு சொன்னால், அது, உள்நாட்டுச் சட்டத்தை உடன்படிக்கை மீறலுக்குச் சாக்காகக் காட்ட முடியாது என்ற வியன்னா உடன்படிக்கையின் 27-ஆம் உறுப்புக்கு வைத்த தூண்டில். கடைசியாக, மீறல் உண்டா என்ற கேள்வியையும் அதை எந்த மன்றத்தில் கேட்கலாம் என்ற கேள்வியையும் தனித்தனிப் பத்தியில் எழுதுங்கள். மன்றம் இல்லாமல் மீறல் இருக்கலாம்.

இவ்வளவும் ஆனபின் முதல் வாரத்தில் தள்ளிவைத்த விவாதத்தைத் திறக்கலாம். அதற்கு கோர்ஃபு கால்வாய் வழக்கோடு போங்கள். 1946 அக்டோபர் 22-ல் அல்பேனியக் கடற்பகுதியில் கண்ணிவெடிகளில் மோதிய பிரிட்டிஷ் போர்க்கப்பல்களில் 44 பேர் இறந்தனர். 1949-ல் நீதிமன்றம் அல்பேனியாவைப் பொறுப்பாக்கியது. அனுமதியில்லாமல் நுழைந்து கண்ணிகளை அகற்றியதற்காக பிரிட்டனும் அல்பேனியாவின் இறைமையை மீறியது என்றது. நஷ்டஈடு 8,43,947 பவுண்டு. அல்பேனியா கட்டவில்லை. இரு நாடுகளும் அதைத் தீர்த்துக்கொள்ள உடன்பாட்டுக்கு வந்தது 1992-ல்.